சூடாகாத தண்ணீர், சூடாகும் பிளக்: ஒரு வாட்டர் ஹீட்டரின் மின்தடையும் திறனும்

25 லிட்டர் தொட்டி கொண்ட வாட்டர் ஹீட்டர். பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2000 வாட். தண்ணீரைச் சூடாக்கும் உறுப்பான எலிமெண்டை மாற்றிச் சில மாதங்கள் ஆகின்றன. புகார் இரண்டு. முன்பு அரை மணிக்குச் சற்று மேல் எடுத்த தண்ணீர், இப்போது சூடாக நாற்பது நிமிடம் எடுக்கிறது. அதோடு பிளக்கில் கை வைக்க முடியவில்லை. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடக்கிறது.

இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் பொதுவாகச் சொல்லப்படும் தீர்ப்பு இது: லூஸ் கனெக்ஷன், கரண்ட் எல்லாம் பிளக்கிலேயே போய்விடுகிறது, அதனால்தான் தண்ணீருக்குச் சூடு போதவில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வோல்டேஜையும் கரண்டையும் சரியான இடங்களில் எடுத்து வகுத்துப் பெருக்கினால், இதில் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. பிளக் சூடாவது ஒரு பழுது; தண்ணீர் தாமதமாவது வேறொன்று.

பெயர்ப்பலகையிலிருந்து

அளக்கத் தொடங்கும் முன்பே, என்ன வரவேண்டும் என்று கணக்கிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதி வைக்காமல் அளந்தால் எந்த எண் வந்தாலும் சரி போலவே தோன்றும்.

மின்னோட்டம் = திறன் ÷ மின்னழுத்தம் = 2000 ÷ 230 = 8.70 ஆம்பியர்.
மின்தடை = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ திறன் = 52,900 ÷ 2000 = 26.45 ஓம்.

தண்ணீருக்கு வேண்டிய ஆற்றலும் கையில் இருக்கட்டும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 25 × 35 × 4.186 = 3663 கிலோஜூல் தேவை; ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். முழு 2000 வாட் கிடைத்தால் 1831 விநாடி, அதாவது முப்பதரை நிமிடம். தொட்டியின் சுவர் வழியே கசியும் வெப்பத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். நாற்பது நிமிடம் ஆகிறது என்றால் எலிமெண்டுக்கு ஏறக்குறைய 1600 வாட்தான் போய்ச் சேருகிறது. எந்த மீட்டரையும் எடுக்காமல் கடிகாரத்தை வைத்தே இவ்வளவு சொல்லிவிட முடிகிறது.

எலிமெண்டில் உப்பு படிந்துவிட்டது, அதனால்தான் தாமதம் என்ற விளக்கமும் இங்கே வரும். அதை இப்போதே ஒதுக்கிவிடலாம். தண்ணீருக்குள் மூழ்கிய எலிமெண்ட் இழுக்கும் வாட் முழுவதும் வேறு எங்கும் போக வழியில்லாமல் தண்ணீருக்குத்தான் போகும். உப்புப் படிவு எலிமெண்டின் வெப்பநிலையை ஏற்றும், அதன் ஆயுளைக் குறைக்கும், சத்தம் போட வைக்கும். கால் பங்கு நேரத்தைக் கூட்டிவிடாது.

ஓம் மீட்டர் சொன்னது

முதல் அளவு, மின்சாரம் இல்லாமல். எம்சிபியை (போர்டில் உள்ள தானியங்கிப் பாதுகாப்பு ஸ்விட்சை) அணைத்து, பிளக்கைக் கழற்றி, தெர்மோஸ்டாட் மூடிய நிலையில், அதாவது சுற்றை இணைத்த நிலையில், இருக்கும்படி தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தபோது 28.6 ஓம் காட்டியது. இரண்டு புரோபுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் 0.3 ஓம். கழித்தால் 28.3. எதிர்பார்த்ததோ 26.45. இங்கேயே ஒரு சந்தேகம் எழ வேண்டும்.

அடுத்து, பிளக்கைச் சாக்கெட்டில் செருகி, சாக்கெட்டின் பின்பக்க நியூட்ரல் திருகுக்கும் பிளக்கின் உள்ளே இருக்கும் நியூட்ரல் திருகுக்கும் இடையே ஓம் பார்த்தால் 0.3. புரோபின் 0.3-ஐக் கழித்தால் பூஜ்யம். அதாவது தொட முடியாத அளவுக்குச் சூடாகும் அந்தத் தொடர்பில் ஒரு குறையும் இல்லை என்று ஓம் மீட்டர் சான்றிதழ் கொடுக்கிறது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. 200 ஓம் ரேஞ்சில் அதன் கடைசி இலக்கமே 0.1 ஓம், அதற்குக் கீழே உள்ளதை அதனால் பார்க்க முடியாது. அது செலுத்தும் சோதனை மின்னோட்டமும் மில்லியாம்பியர் கணக்கில்தான். தளர்ந்த ஸ்பிரிங் குளிர்ந்திருக்கும்போது ஏதோ ஒரு புள்ளியில் பின்னைத் தொட்டுக்கொண்டிருக்கும். 7 ஆம்பியர் பாய்ந்து, சூடேறி, உலோகம் விரிந்த பிறகு அந்தத் தொடர்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கதை. ஓடும் நிலையில்தான் பிடிக்க வேண்டும்.

ஓடும்போது எடுத்த அளவுகள்

இது மின்சாரம் உள்ள கம்பியில் செய்யும் வேலை. பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டுமே செய்யலாம். மீட்டரும் புரோபும் கேட் மூன்று (CAT III) என்ற பாதுகாப்புத் தரத்தில் இருக்க வேண்டும். முறை: எம்சிபியை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து உறுதி செய்து, கிளிப் உள்ள புரோபுகளை மாட்டி, கைகளை விலக்கிக்கொண்டு, பிறகு எம்சிபியைப் போட்டுப் படிக்க வேண்டும். புரோபை இடம் மாற்ற வேண்டுமானால் மறுபடியும் அணைத்துவிட்டுத்தான். நியூட்ரல் பக்கம்தானே என்ற அலட்சியம் இங்கே ஆகாது. நியூட்ரல் தொடர்பு முழுதாக விட்டுப்போனால், எலிமெண்ட் வழியாக அந்தப் பக்கத்து கம்பி முழுவதும் ஃபேஸின் வோல்டேஜுக்கு ஏறிவிடும்.

கரண்டுக்குக் கிளாம்ப் மீட்டர். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்த வயரைச் சுற்றி மாட்டினால் பூஜ்யம் காட்டும், ஏனென்றால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று கழித்துவிடும். ஒற்றை ஃபேஸ் கம்பி தனியாக இருக்கும் இடத்தில், போர்டுக்குள் எம்சிபிக்குக் கீழே, மாட்ட வேண்டும்.

ஹீட்டர் ஓடத் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் கிடைத்தவை:

ஹீட்டர் அணைந்திருக்கும்போது போர்டில்: 221.0 வோல்ட்
ஹீட்டர் ஓடும்போது போர்டில், எம்சிபிக்குப் பிறகு: 218.6 வோல்ட்
மின்னோட்டம்: 7.42 ஆம்பியர்
போர்டிலிருந்து சாக்கெட் வரை, போக வர இரண்டு கம்பியிலும் சேர்த்து இழப்பு: 1.76 வோல்ட்
ஃபேஸ் பின் தொடர்பில்: 0.04 வோல்ட்
நியூட்ரல் பின் தொடர்பில்: 2.10 வோல்ட்
பிளக்கிலிருந்து ஹீட்டர் வரை உள்ள ஒயரில்: 0.30 வோல்ட்
எலிமெண்டின் இரு முனைகளில்: 214.4 வோல்ட்

கூட்டிச் சரிபார்க்க வேண்டும்: 1.76 + 0.04 + 2.10 + 0.30 = 4.20. 218.6-இல் 4.2 போனால் 214.4. கணக்கு இடிக்கவில்லை. இடித்திருந்தால் ஒரு தொடர்பு கணக்கில் வராமல் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

நியூட்ரல் பின்னின் 2.10 வோல்ட் ஆரம்பத்திலேயே அப்படி இல்லை. ஓட ஆரம்பித்த முதல் நிமிடத்தில் 1.3 வோல்ட்தான் இருந்தது. சூடேறச் சூடேற ஏறி, பத்தாவது நிமிடத்தில் 2.1-இல் நின்றது. நல்ல தொடர்பில் இப்படி எண் நகராது. ஸ்விட்சைப் போட்டவுடன் படித்துவிட்டு மூடியவர் பழுதின் பாதியைத்தான் பார்த்திருப்பார்.

வகுத்தலும் பெருக்கலும்

எலிமெண்டின் மின்தடை = 214.4 ÷ 7.42 = 28.9 ஓம்.
எலிமெண்டின் திறன் = 214.4 × 7.42 = 1591 வாட்.

1591 வாட்டில் 3663 கிலோஜூலைக் கொடுக்க 38.4 நிமிடம். கசிவையும் சேர்த்தால் கடிகாரம் சொன்ன நாற்பதோடு ஒத்துப்போகிறது. ஓம் மீட்டர் குளிரில் காட்டிய 28.3, சூட்டில் 28.9 ஆகியிருப்பதும் இயல்பே. எலிமெண்டுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் சில சதவீதம்தான் கூடும். டங்ஸ்டன் குண்டு பல்பு இதற்கு நேர் எதிர். 230 வோல்ட் 60 வாட் பல்பு எரியும்போது 882 ஓம். அணைந்திருக்கும்போது ஓம் மீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பல்பில் கற்றுக்கொண்டு ஹீட்டருக்கு வருபவர்கள் குளிர் அளவை நம்பவே கூடாது என்பார்கள். ஹீட்டரில் அது ஓரளவு நம்பத் தகுந்ததே.

பாக்கி உறுப்புகளுக்கும் அதே கணக்கு, அந்தந்த உறுப்பின் மேல் விழும் வோல்டேஜை வைத்து. போர்டிலிருந்து சாக்கெட் வரை 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஒரு வழி 16 மீட்டர். இந்தக் கனமுள்ள செம்பின் மின்தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.41 ஓம் வரை இருக்கும். போக வர 32 மீட்டருக்கு 0.237 ஓம். அளவிலிருந்து: 1.76 ÷ 7.42 = 0.237. கம்பி நன்றாகவே இருக்கிறது. அதில் வீணாவது 1.76 × 7.42 = 13.1 வாட்.

நியூட்ரல் பின்: 2.10 ÷ 7.42 = 0.283 ஓம். திறன் 2.10 × 7.42 = 15.6 வாட்.

ஃபேஸ் பின்: 0.04 ÷ 7.42 = 0.0054 ஓம், அதாவது ஐந்தரை மில்லி ஓம். திறன் 0.3 வாட். ஒரே பிளக், ஒரே சாக்கெட், ஒரே மின்னோட்டம். ஆனால் ஒரு பின் மற்றதைப் போல ஐம்பது மடங்கு சூட்டை உண்டாக்குகிறது.

கம்பியில் 13.1 வாட், பின்னில் 15.6 வாட். வாட்டைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். கம்பியில் அது 32 மீட்டர் நீளத்துக்குப் பரவி, மீட்டருக்கு 0.4 வாட்டாகக் கரைந்துபோகிறது. கையால் உணரவே முடியாது. பின்னில் அது முழுவதும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தில், பிளாஸ்டிக்கால் மூடப்பட்ட இடத்தில் உண்டாகிறது. 15.6 வாட் என்பது ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் இழுக்கும் அளவு. அதை ஒரு மணி நேரம் சாக்கெட்டுக்குள் செருகி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆகியிருக்கிறது.

பின்னில் போன 15.6 வாட்டால் தண்ணீர் தாமதமாகிறதா? அந்தத் தொடர்பு இல்லாமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். 221.0 ÷ 7.42 = 29.78 ஓம் என்பது சுற்று முழுவதன் மின்தடை. அதிலிருந்து 0.283-ஐ எடுத்துவிட்டு, நல்ல தொடர்புக்கு 0.005 சேர்த்தால் 29.51. மின்னோட்டம் 7.49 ஆம்பியர், எலிமெண்டில் 1621 வாட். வித்தியாசம் 30 வாட். நேரத்தில் முக்கால் நிமிடம். லூஸ் கனெக்ஷன் தீ மூட்டப் போதுமானது; தண்ணீரைத் தாமதிக்கப் போதாது.

எதிர்த்திசையிலும் யோசிக்கலாம். தாமதத்துக்கு அந்தத் தொடர்பு ஒன்றே காரணமாக இருக்க வேண்டுமானால் அதில் இருபது வோல்டுக்கு மேல் விழ வேண்டும். அப்படி விழுந்தால் அங்கே நூற்றைம்பது வாட்டுக்கும் மேல் உண்டாகும். எந்த பிளக்கும் அதைத் தாங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் ஓடாது.

அப்படியானால் அந்த 400 வாட் எங்கே

பலகையில் 2000, கிடைப்பது 1591. இரண்டு காரணம் மிஞ்சுகின்றன: எலிமெண்டின் மின்தடை அதிகம், வோல்டேஜ் குறைவு.

230 வோல்ட் 2000 வாட் எலிமெண்டுக்கு 26.45 ஓம் இருக்க வேண்டும், இருப்பது 28.9. அதே 230 வோல்டில் இது 52,900 ÷ 28.9 = 1830 வாட்தான் கொடுக்கும். 240 வோல்டில் போட்டுப் பார்த்தால் 57,600 ÷ 28.9 = 1993. ஆக இது 240 வோல்டுக்கான 2000 வாட் எலிமெண்டாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். வெப்ப சாதனங்களுக்கான தர விதிகள் பெயர்ப்பலகை வாட்டிலிருந்து 10 சதவீதம் வரை குறைவதை ஏற்கின்றன. 230 வோல்ட் முத்திரையிட்டு 1830 வாட் கொடுக்கும் எலிமெண்டும் விதிப்படி சரியே. கணக்கு இங்கே முட்டி நிற்கிறது. எலிமெண்டைக் கழற்றி அதன் ஃபிளாஞ்சில் (தொட்டியோடு பொருத்தும் தட்டில்) அடித்திருக்கும் முத்திரையைத்தான் படிக்க வேண்டும். படித்ததில் 240 வோல்ட், 2000 வாட் என்றிருந்தது. எலிமெண்ட் மாற்றியபோது 2000 வாட் என்பதை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறார்கள், வோல்டேஜைப் பார்க்கவில்லை.

வோல்டேஜ் பக்கம்: எலிமெண்டுக்குக் கிடைப்பது 214.4, அதாவது 230-இல் 93.2 சதவீதம். திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.932 × 0.932 = 0.869. எலிமெண்ட் மாற்றத்தின் பங்கு 26.45 ÷ 28.9 = 0.915. இரண்டையும் பெருக்கினால் 0.795. 2000 வாட்டில் அது 1590. கணக்கு மூடிவிட்டது, லூஸ் கனெக்ஷனுக்கு இதில் தனியாக இடமே வேண்டியிருக்கவில்லை, அதன் 2.10 வோல்ட் 93.2 சதவீதத்துக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எதுவுமே பழுது போலத் தெரியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 221 வோல்ட் சப்ளை குறைந்ததுதான், ஆனால் ஏற்கத்தக்க வரம்புக்குள்தான். 240 வோல்ட் எலிமெண்ட் நல்ல எலிமெண்ட்தான். கம்பியில் 1.76 வோல்ட் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. பெருக்கிப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு திறன் காணோம்.

எண்களை எவ்வளவு நம்பலாம்

இந்த வகை மல்டிமீட்டரின் ஏசி வோல்ட் துல்லியம் படித்ததில் 0.8 சதவீதமும் கடைசி இலக்கத்தில் மூன்றும் என்று வைத்துக்கொண்டால், 218.6 என்பது இரண்டு வோல்ட் முன்பின் இருக்கலாம். ஆகவே போர்டில் ஒரு அளவும் ஹீட்டரில் ஒரு அளவும் எடுத்துக் கழித்து 2.10 வோல்ட் இழப்பைக் கண்டுபிடிக்க முயல்வது வீண். பிழை, தேடும் பொருளின் அளவுக்கே இருக்கிறது. இரண்டு அளவுக்கு நடுவில் வேறு எங்காவது ஒரு மோட்டார் ஓடி சப்ளையே மூன்று வோல்ட் இறங்கியிருக்கலாம், அது வேறு. தொடர்பின் இரு பக்கமும் புரோபை வைத்து 6 வோல்ட் ரேஞ்சில் நேராகப் படித்தால் அதே மீட்டரின் பிழை 0.02 வோல்ட்தான். நூறு மடங்கு துல்லியம், அதே கருவியில், வைக்கும் இடத்தை மாற்றியதால் மட்டுமே.

கிளாம்ப் மீட்டர் இதில் பலவீனமான கண்ணி. 2 சதவீதமும் ஐந்து இலக்கமும் என்றால் 7.42-இல் 0.2 ஆம்பியர் முன்பின். வோல்டேஜின் பிழையையும் சேர்த்து, மோசமான நிலையில் மின்தடை 28.9-க்கு ஒரு ஓம் கூடலாம், குறையலாம். 26.45 அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால்தான் எலிமெண்ட் பலகையோடு பொருந்தவில்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது. வந்த எண் 27.2 ஆக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. கிளாம்பின் பிழையைக் குறைக்க ஒரு வழி உண்டு: நெகிழ்வான ஒற்றைக் கம்பியை அதன் வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றினால் 74.2 ஆம்பியர் காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ளலாம். கடைசி இலக்கப் பிழை பத்தில் ஒன்றாகிவிடும். சதவீதப் பிழை அப்படியே இருக்கும்.

அதைவிட நல்ல சரிபார்ப்பு மின் கணக்கு மீட்டரிலேயே இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹீட்டர் மட்டும் ஓட, சிமிட்டும் விளக்கை எண்ண வேண்டும். மீட்டரில் யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று போட்டிருந்தது. 100 துடிப்புக்கு 69 விநாடி. 36,00,000 × 100 ÷ (3200 × 69) = 1630 வாட். போர்டில் கணக்கிட்டால் 218.6 × 7.42 = 1622. அரை சதவீத வித்தியாசம். கிளாம்ப் மீட்டர் இந்த முறை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது.

இதே அளவுகளை வைத்துத் தவறாகப் போடும் கணக்குகள்

வோல்டேஜ் 214.4-க்கு இறங்கிவிட்டது, 2000 வாட் ஹீட்டர், ஆகவே 2000 ÷ 214.4 = 9.33 ஆம்பியர் இழுக்கும், அதனால்தான் பிளக் சூடாகிறது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். ஹீட்டருக்கு நிலையாக இருப்பது மின்தடை, திறன் அல்ல. வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் இறங்கும், அளந்ததும் அதையே காட்டியது. வோல்டேஜ் இறங்க இறங்கக் கரண்டைக் கூட்டிக்கொள்வது கம்ப்யூட்டர் பவர் சப்ளை போன்ற ஸ்விட்சிங் வகைகளின் குணம். இந்த ஒரு வேறுபாட்டைக் குழப்பிக்கொள்வதால் வரும் தவறுகள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

இன்னொன்று: தொடர்பின் மின்தடை 0.283 ஓம் என்று கண்டுபிடித்துவிட்டு, வோல்டேஜின் வர்க்கம் ÷ மின்தடை என்ற வாய்ப்பாட்டில் 221-ஐப் போடுவது. 48,841 ÷ 0.283 என்றால் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் வாட் வருகிறது. அந்தத் தொடர்பின் மேல் விழுவது 2.10 வோல்ட் மட்டுமே. தொடராக இணைந்த உறுப்புகளில் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது மின்னோட்டம். ஆகவே மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை என்ற வடிவத்தில் போட்டால் தவறவே வழியில்லை: 7.42 × 7.42 × 0.283 = 15.6. இந்த வர்க்க விதியைச் சோதனையில் நிறுவியவர் ஜூல், 1840-களின் தொடக்கத்தில். ஜார்ஜ் சைமன் ஓம் தம் விதியை நூலாக வெளியிட்டது 1827-இல்.

போர்டில் ஹீட்டர் அணைந்திருக்கும்போது எடுத்த 221.0-ஐ 7.42-ஆல் வகுத்து, எலிமெண்ட் 29.8 ஓம் என்று எழுதுவதும் உண்டு. அது எலிமெண்ட், ஒயர், பின், தெருக்கம்பி எல்லாம் சேர்ந்த எண். எலிமெண்டின் மின்தடையைக் கண்டுபிடிக்க, ஓடாதபோது எடுத்த வோல்டேஜை ஓடும்போது எடுத்த கரண்டோடு சேர்க்கக் கூடாது.

இந்த வகுத்தல் ஹீட்டர், தேய்ப்புப் பெட்டி, அடுப்பு போன்ற வெறும் மின்தடை உள்ள சாதனங்களுக்கு மட்டுமே செல்லும். மோட்டாரில் வோல்டேஜை கரண்டால் வகுத்தால் வருவது மின்மறுப்பு (இம்பீடன்ஸ்). சுருளின் மின்தடை அதைவிட மிகக் குறைவு. பெருக்கினால் வருவது வோல்ட் ஆம்பியர். 230 வோல்டில் 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரின் திறன் காரணி (வோல்ட் ஆம்பியரில் உண்மையான வாட்டின் பங்கு) 0.8 என்றால் 690-க்குப் பதில் 552 வாட்.

எம்சிபி ஏன் விழவில்லை

16 ஆம்பியர் எம்சிபி, ஓடுவது 7.42. கூடுதல் மின்தடை கரண்டைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது; ஆக எம்சிபிக்கு இது பாதிச் சுமையில் ஓடும் அமைதியான சுற்று. மின்கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்சிசிபி, போகும் கரண்டுக்கும் திரும்பி வரும் கரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும். இங்கே வித்தியாசமே இல்லை. டெஸ்டரை ஃபேஸ் துளையில் வைத்தால் பளிச்சென்று எரியும். தொடரில் சேர்ந்துகொண்ட மின்தடையை இவை எதுவும் பார்ப்பதில்லை. கைச் சூடும் பிளாஸ்டிக் நிறமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பழுது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்தால் தொடும் பரப்பு குறைகிறது, மின்தடை ஏறுகிறது, சூடு ஏறுகிறது. சூட்டில் பித்தளை ஸ்பிரிங் இறுக்கத்தை மேலும் இழக்கிறது. பரப்பில் ஆக்சைடு படிகிறது. மின்தடை இன்னும் ஏறுகிறது. இந்தக் கட்டத்தில் பின்னை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பச் செருகினால் ஓரிரு வாரம் சரியாக இருக்கும், ஸ்பிரிங் தளர்ந்தது தளர்ந்ததுதானே.

செய்த வேலை, அதன் வரிசை

சாக்கெட்டும் பிளக்கும் சேர்த்தே மாற்றப்பட்டன. புதுச் சாக்கெட்டில் கருகிய பழைய பின்னைச் செருகினால் அதன் சொரசொரப்பு புது ஸ்பிரிங்கையும் கெடுத்துவிடும். நியூட்ரல் கம்பியின் நுனி கறுத்திருந்தது. செம்பு பளிச்சென்று தெரியும் வரை, காப்புறை வளைந்து கொடுக்கும் இடம் வரை வெட்டி நீக்கிப் புது நுனி எடுக்கப்பட்டது. பல இழை ஒயரின் முனைக்கு அழுத்தி மாட்டும் ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாய் போடப்பட்டது. இழைகளைச் சால்டர் வைத்து ஒட்டித் திருகுக்கடியில் வைப்பதுண்டு. ஈயக்கலவை திருகின் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து சில மாதத்தில் திருகைத் தளர்த்திவிடும். இதே பழுது மறுபடி வரும் வழி அது.

அதன் பிறகே எலிமெண்ட். வரிசையை மாற்றியிருந்தால், அதாவது பழைய சாக்கெட்டை வைத்துக்கொண்டே 26.45 ஓம் எலிமெண்டைப் போட்டிருந்தால், கரண்ட் 8.08 ஆம்பியராக ஏறி அந்தப் பின்னில் 15.6 வாட்டுக்குப் பதில் 18.5 வாட் உண்டாகியிருக்கும். தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே சாக்கெட் வேகமாகக் கருகிக்கொண்டிருக்கும்.

புது எலிமெண்டை மாட்டும் முன் குளிரில் 25.9 ஓம் இருப்பது பார்த்துக்கொள்ளப்பட்டது. மாட்டித் தண்ணீர் நிரப்பிய பின், 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் எலிமெண்டுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்கு வெகு மேலே காட்டியது. தொட்டி நிரம்பாமல் ஸ்விட்சைப் போட்டால் எலிமெண்ட் சில நிமிடத்தில் போய்விடும், அதையும் சொல்லிவைப்பது நல்லது.

சப்ளை அதே 221-இல் இருந்தபோது மறுபடி அளந்தவை: நியூட்ரல் பின்னில் 0.04 வோல்ட், அரை மணி ஓடிய பிறகும் அதே 0.04. மின்னோட்டம் 8.17 ஆம்பியர், எலிமெண்டில் 216.0 வோல்ட். மின்தடை 26.4 ஓம், திறன் 1765 வாட். கணக்குப்படி 34.6 நிமிடம், தண்ணீர் 60 டிகிரிக்கு வர 36 நிமிடம் ஆனது.

2000-க்கு இன்னும் 235 வாட் குறைகிறது. அது முழுக்க வோல்டேஜின் பங்கு, இந்த வீட்டுக்குள் சரிசெய்ய அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஹீட்டர் ஓடும்போது போர்டில் இரண்டரை வோல்ட் இறங்குவது, வெளியிலிருந்து வரும் கம்பியின் மின்தடை 0.32 ஓம் என்று காட்டுகிறது. உள்ளே 2.5 கம்பியை 4 சதுர மி.மீ. கம்பியாக மாற்றினால்கூட முக்கால் வோல்ட் மிச்சமாகும். 12 வாட் கூடும். கம்பி மாற்றும் வேலைக்கு அது தகாது. சப்ளை 235-க்கு ஏறும் நேரங்களில் இதே ஹீட்டர் 1995 வாட் கொடுக்கும்.

இனி ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது அந்த இரண்டு பின்களின் வோல்ட் இழப்பை மட்டும்தான். 8 ஆம்பியரில் 0.1 வோல்ட் என்றால் 0.8 வாட், தாங்கும். 0.5 வோல்டைத் தொட்டால் 4 வாட். பிளாஸ்டிக் இன்னும் நிறம் மாறியிருக்காது, ஆனால் சாக்கெட்டை அப்போதே மாற்றிவிட வேண்டும்.